தேன்பெட்டிக்கு வெளியில தேன்பூச்சி தொங்குது, கெதியா ஆராவது சொல்லுங்கோ

புதூர்ப் பெடியன்: வணக்கம். நேற்றுப் பின்னேரத்தில இருந்து வாசலில பூச்சி கொத்தாத் தொங்குது. கூட்டம் பெட்டியை விட்டு ஓடப்போகுதோ? என்ன செய்ய? அவசரம்.

மாங்குளத்தான்: எந்த இடம்? தேன்வதை கட்டுற சட்டம் எத்தனை? பெட்டி வெயிலில நிக்குதோ நிழலிலயோ? தேன் எப்ப எடுத்தது? ஒண்டும் சொல்லாமல் என்னத்தைச் சொல்லுறது, தம்பி.

ஒட்டுசுட்டான் அக்கா: எறும்பு ஏறியிருக்கும். பெட்டிக்கால் நாலையும் தண்ணி ரின்னுக்குள்ள வையுங்கோ. எங்கட பக்கம் ஓடின பெட்டியில பாதி எறும்பாலதான் ஓடினது.

நெடுங்கேணி விவசாயி: பக்கத்தில பயறு, உழுந்துக்கு ஆரோ மருந்து அடிச்சிருப்பினம். வாசலுக்கு முன்னால நாக்கு நீட்டினபடி செத்துக் கிடக்குதோ எண்டு பாருங்கோ.

பழைய கை: இதை எல்லாம் எத்தனை தரம் எழுதிப் போட்டன். பெட்டி வாங்க முதல் வாசிக்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. தொங்கினால் கூட்டம் ரெண்டாப் பிரியுது. புது ராணி வளர்க்க ராணி வீடு கட்டியிருக்கும், வெட்டி விடு.

மாங்குளத்தான்: அண்ணை, பாராமல் வெட்டச் சொல்லாதேங்கோ. ஆனி மாசம், சோளகம் அடிக்குது, எள்ளுப் பூவும் முடிஞ்சுது. பூ இல்லாத நேரத்தில கூட்டம் பிரியிறது அருமை. ராணி வீடு வதையின்ர அடி விளிம்பில கடலைக்கோது மாதிரித் தொங்கும். சில பேர் ஆண் பூச்சி வளருற அறையின்ர மூடியைப் பாத்திட்டு ராணி வீடு எண்டு நினைக்கிறவை. ஆண் மூடியின்ர நடுவில சின்ன ஓட்டை இருக்கும், அதை விடுங்கோ.

புதூர்ப் பெடியன்: புளியங்குளம் பக்கம். ஆறு சட்டம். தேன் போன மாசம் எடுத்தது. பெட்டிக்கு மேல நிண்ட வேம்புக் கொப்பை கரண்டுக்காரர் வெட்டிப்போட்டினம்.

மாங்குளத்தான்: இதை முதலே சொல்லியிருக்கலாம். அப்ப வெயில்தான் முதல் சந்தேகம். உள்ளுக்கு வெக்கை கூடினால் வெளியில வந்து தொங்கும், இரவு குளிர உள்ள போகும். ஆனால் பூ குறைஞ்ச நேரம், ஓடுறதுக்கும் அடுக்குப் பண்ணலாம். வித்தியாசம் தெரிய வேணுமெண்டால் விடியப்புறம் வாசலைப் பாருங்கோ. காலில மகரந்தம் கொண்டு வருதெண்டால் குஞ்சு வளருது, பயமில்லை. பிறகு ஒரு சட்டத்தைத் தூக்கி அறைக்குள்ள முட்டை நிக்குதோ எண்டு பாருங்கோ. முட்டையும் இல்லை, தேனும் இல்லை, மகரந்தமும் வரேல்லை எண்டால் ராணி முட்டை இடுறதை நிப்பாட்டிட்டுது, ஓடத்தான் நிக்குது.

ஒட்டுசுட்டான் அக்கா: கிடுகு ஒண்டைக் கட்டி நிழல் போடுங்கோ. பக்கத்தில சட்டியில தண்ணி, உள்ளுக்குக் கல்லுப் போட்டு வையுங்கோ, மூழ்காது. இரவில சீனிப்பாகு வையுங்கோ.

நெடுங்கேணி விவசாயி: சீனி குடுத்தால் அது தேனோ? சனம் எங்களைக் கலப்படக்காரர் எண்டுதான் சொல்லும். நான் ஒருநாளும் வைச்சதில்லை.

ஒட்டுசுட்டான் அக்கா: பூ இருக்கேக்கை வைச்சால் பிழை. இப்ப அது பூச்சியின்ர சாப்பாடு, நாங்கள் எடுக்கிற தேன் இல்லை. பாகு குடுக்க முதல், நாங்கள் தேன் எடுக்கிற மேல்தட்டைக் கழற்றி வையுங்கோ. எங்கட சங்கத்தில பூக்காலம் தொடங்கினால் பாகுத் தட்டு வைக்கிறதில்லை எண்டு எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தனாங்கள்.

பழைய கை: பிந்துனுவெவ தேனீ வளர்ப்பு நிலையத்தில சொல்லித் தாறதை வாசிச்சால் இந்தச் சண்டை வராது.

மாங்குளத்தான்: பிந்துனுவெவ பண்டாரவளைப் பக்கம், அண்ணை. அங்கத்தைப் பூவும் மழையும் வேறை, வன்னியில எங்களுக்கு மழை ஐப்பசியிலதான் தொடங்கும். எங்கட கணக்கை எங்கட காட்டைப் பாத்துத்தான் வைக்க வேணும். தம்பி, சீனியும் தண்ணியும் சமமாக் கரைச்சு, பொழுதுபட்ட பிறகு பெட்டிக்குள்ள வையுங்கோ. வெளியில வைச்சால் வேறை கூட்டம் வந்து கொள்ளையடிக்கும். கடைத் தேன் வைக்காதேங்கோ, வேறை பெட்டியின்ர வருத்தம் வரும். பூச்சி இல்லாத வதையை எடுத்திடுங்கோ, வதையைத் தின்னுற மெழுகுப்புழு வரும். ஓடுமெண்டு தெரிஞ்சால், ராணியை வெளியில போக விடாமல் மறிக்கிற ராணித்தடையை வாசலில ரெண்டு மூண்டு நாளைக்கு மட்டும் வையுங்கோ. நிரந்தரமா வைச்சால் ஆண் பூச்சி உள்ளுக்கே செத்து வாசலை அடைக்கும்.

நெடுங்கேணி விவசாயி: தடை வைச்சால் ராணி நிக்கும். அது ஏன் ஓடப்பாத்தது எண்ட காரணம் அப்படியே இருக்குமே. மருந்து அடிச்சதோ எண்டு கேட்டன், பதில் இல்லை.

புதூர்ப் பெடியன்: செத்தது ஒண்டும் இல்லை. கிடுகு கட்டின பிறகு முக்கால்வாசி உள்ள போட்டுது. முட்டை ரெண்டு சட்டத்தில இருக்கு, தேன் துப்பரவா இல்லை. இண்டைக்குப் பாகு வைக்கிறன். தடையும் வைச்சன். எல்லாருக்கும் நன்றி.

மாங்குளத்தான்: முட்டை இருந்தால் தடை தேவையில்லை, தம்பி. இப்பவே எடுங்கோ.

ஒட்டுசுட்டான் அக்கா: எடுத்தாச்சோ? பெட்டிக்கால் ரின்னில தண்ணி வத்தாமலும் பாருங்கோ, இந்த வெயிலுக்கு ஒரு நாளிலயே காயும்.

மாங்குளத்தான்: தம்பி?