டிசைன் கம்ப்யூட்டர் நெனச்ச நேரத்துல ரீஸ்டார்ட் ஆகுது, ரேமா எஸ்எம்பிஎஸ்ஸா?

தறிக்காரன்:
வணக்கம்ங்க. சேலம் இளம்பிள்ளை பக்கம் ஜக்கார்டு (பூ வேலைப்பாடு நெய்யற) தறிக்கு சேலை டிசைன் போட்டுக் குடுக்கிற வேலை. கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணதுதான், ஐ5 பத்தாவது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம் ரெண்டு, எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. தீபாவளி ஆர்டர் நேரத்துல இருந்து ஒரே இம்சை. சில சமயம் நீலத்திரை வந்து ரீஸ்டார்ட் ஆகுது, சில சமயம் ஒண்ணுமே வராம பட்டுனு கட் ஆகி தானா ஆன் ஆகுது. முந்தாநேத்து பகல் பூரா ஓடுச்சு, நேத்து முந்தானி ஃபைலத் தொறந்ததுமே போச்சு. நீலத்திரைல ஒரு தடவ மெமரி மேனேஜ்மென்ட்னு வருது, இன்னொரு தடவ பேஜ் ஃபால்ட்னு என்னமோ வருது, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. கடைக்குத் தூக்கிட்டுப் போனா அவர் டேபிள்ல ஜம்முனு ஓடுது, விண்டோஸ மாத்திப் போட்டு காசு வாங்கிட்டு அனுப்பிட்டார், வீட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. விண்டோஸ் தப்பெல்லாம் எழுதி வைக்கிற ஈவன்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு செவப்பா நெறைய இருக்கு. யூடியூப்ல அதப் பாத்தா எஸ்எம்பிஎஸ் (உள்ள கரன்ட் சப்ளை பண்ற பெட்டி) போச்சுங்கிறாங்க. மாத்திரலாமா?

அஞ்சு ரோடு சர்வீஸ்:
தம்பி, அவசரப்படாதீங்க. 41னா "போன தடவ ஒழுங்கா ஷட் டவுன் ஆகல"ங்கிறத மட்டும்தான் விண்டோஸ் எழுதி வைக்குது, ப்ளக்கப் புடுங்கினாலும் அதே 41தான் வரும், காரணம் அதுல இல்ல. அதே லிஸ்ட்ல டபிள்யூஹெச்இஏ லாகர்னு ஏதாச்சும் இருக்கா பாருங்க, இருந்தா ப்ராசஸரோ போர்டோ தானா கம்ப்ளெயின்ட் சொல்லுதுன்னு அர்த்தம். நீங்க ரெண்டு விஷயத்த ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிறீங்க. நீலத்திரை வருதுன்னா விண்டோஸுக்கு தப்பு தெரிஞ்சு அதுவா நிறுத்துது, அதுவும் தடவைக்கு ஒரு பேரு வந்தா எனக்கு மொதல் சந்தேகம் ரேம் மேலதான், டிரைவர் கோளாறுன்னா பெரும்பாலும் அதே பேரு, அதே ஃபைல் திரும்பத் திரும்ப வரும். பட்டுனு கட் ஆகிறது வேற கேஸ், அது கரன்ட் பக்கம். ரெண்டும் சேந்தே இருக்கலாம்.

மொதல்ல பயாஸ்ல (ஆன் பண்ணதும் உள்ள போற செட்டிங்) எக்ஸ்எம்பின்னு ரேம வேகமா ஓட வைக்கிறது ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க. அப்புறம் ரேம டெஸ்ட் பண்ற மெம்டெஸ்ட்86 பிளஸ் ஃப்ரீதான், பென்டிரைவ்ல போட்டு அதுல இருந்து பூட் பண்ணி ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரு பாஸ் (ஒரு முழு சுத்து) முடிஞ்சு எரர் இல்லன்னு எந்திரிச்சிராதீங்க, சூடு ஏறின பிறகுதான் சிலது காட்டும். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், "ஒண்ணுதானே"ங்கிற பேச்சே கெடையாது. எரர் வந்தா ஒரு ரேம கழட்டி வச்சுட்டு ஒத்த ரேமா ஓட்டுங்க, அதையே அடுத்த ஸ்லாட்ல மாத்திப் போட்டு ஓட்டுங்க, அடுத்த ரேமையும் அதே மாதிரி. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ண மட்டும் மாத்துங்க, எது எங்க இருந்துச்சுன்னு நோட்டுல எழுதிக்கங்க. நம்மூரு கடைகள்ல டைம் இல்லாம ரேம், எஸ்எம்பிஎஸ் எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திருவாங்க, சரியாப் போனாலும் எதனாலன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

ஏற்காட்டு மூடுபனி:
ரப்பர் வச்சு ரேமோட கான்டாக்ட் காலத் தேச்சுப் போடுங்க, பாதி பிரச்சனை போயிரும். இங்க மேல காப்பி எஸ்டேட் ஆபீஸ்ல மழை சீசன்ல இதே தொல்லைதான், பனி உள்ள வரைக்கும் வந்துரும், பீரோல இருக்கிற லெட்ஜரே நமுத்துப் போகும், கம்ப்யூட்டர் எம்மாத்திரம். ரேமக் கழட்டி மாட்டினாலே ஓட ஆரம்பிச்சிரும்.

அஞ்சு ரோடு சர்வீஸ்:
ரப்பர் வேணாம்ங்க, எல்லாரும் பண்றாங்க, நானும் பாத்திருக்கேன், ஆனா அது தங்க முலாமத் தேய்க்கும், தூளு ஸ்லாட்டுக்குள்ள போகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் மெடிக்கல்லயோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலயோ கெடைக்கும், அதுல நனைச்சு தொடைங்க, நல்லா காஞ்சப்புறம் மாட்டுங்க. ஆனா கழட்டி மாட்டினா ஓடுதுன்னு நீங்க சொன்னது சரிதான், கான்டாக்ட் லூஸுக்கு அது ஒரு நல்ல துப்பு.

தம்பி, இன்னொண்ணு. கேபினட்டத் தொட்டா சுர்ருங்குதா? எர்த் இல்லாத ப்ளக்ல மாட்டினா எஸ்எம்பிஎஸ்ல இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா பாடிக்கு மெயின்ஸ் வோல்ட்டேஜ்ல பாதி, 115 கிட்ட வந்து நிக்கும். ஆள அடிச்சுப் போடற அளவு கரன்ட் அதுல இருக்காது, ஆனாலும் அப்படியே விடக்கூடாது. கம்ப்யூட்டர் இருக்கிற லைன்ல தறி ஓடுதா?

தறிக்காரன்:
சுர்ருங்குதுண்ணா! செருப்புப் போடாம தொட்டா தெரியும். தறி நம்முளுது இல்ல, ஆனா பக்கத்து ஷெட்டும் நம்ம ரூமும் ஒரே கரன்ட் சர்வீஸ்தான். நீங்க கேட்டப்புறம்தான் கவனிச்சேன், கரன்ட் போயிட்டு வந்து அவங்க வரிசையா தறியப் போடறப்ப லைட்டு மினுக்குனு அடங்கி ஏறுது, அந்த நேரம்தான் பட்டுனு கட் ஆகுது.

ரேம் டெஸ்ட் விட்டேன். ரெண்டும் சேத்து ஓட்டினா செவப்பா எரர் கொட்டுச்சு. ஒத்தயா போட்டா, சிபியூ பக்கத்து ஸ்லாட்ல எதப் போட்டாலும் எரர், தள்ளி இருக்கிற ஸ்லாட்ல எதப் போட்டாலும் ஒண்ணுமில்ல. அப்ப ரெண்டு ரேமும் நல்லதுதானே?

அஞ்சு ரோடு சர்வீஸ்:
ரேம் நல்லது. ஸ்லாட்ல டார்ச் அடிச்சுப் பாருங்க, பஞ்சு இருக்கும்.

தறிக்காரன்:
இருந்துச்சு! ஸ்லாட்டு மூலைல பஞ்சு நூலு மாதிரி முறுக்கி, கஞ்சி மாவோட சேந்து பழுப்பா ஒட்டிக் கெடந்துச்சு. மெல்லிசு பிரஷ்ஷும் கான்டாக்ட் க்ளீனரும் போட்டு எடுத்தேன். இப்ப ரெண்டு ரேமும் போட்டு விடிய விடிய ஓட்டிட்டேன், எரர் இல்ல.

அஞ்சு ரோடு சர்வீஸ்:
நல்லது. திரும்ப வந்துச்சுன்னா போர்டுல சிபியூ சாக்கெட் பின் வளைஞ்சிருக்கான்னு பாக்கணும், அதுவும் இதே மாதிரி ஒரு ஸ்லாட்ட மட்டும் படுத்தும். எஸ்எம்பிஎஸ் விஷயம்: மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப ஓடற கரன்ட்டப் போல அஞ்சாறு மடங்கு இழுக்கும், அப்ப வோல்ட்டேஜ் படுத்துரும். நல்ல எஸ்எம்பிஎஸ், கரன்ட் நின்னாலும் ஃபுல் லோடுலயே 16, 17 மில்லிசெகண்ட் தாக்குப்புடிக்கும், கெப்பாசிட்டர் காஞ்சு போனது அவ்வளவு தாங்காது. மொதல்ல வயர்மேன வச்சு எர்த் போடுங்க, கம்ப்யூட்டருக்குத் தனி லைன் இழுங்க, ஒரு லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் (வோல்ட்டேஜ் ஏத்த எறக்கத்தையும் சரி பண்றது) வைங்க. அதுக்கும் மேல கட் ஆச்சுன்னா எஸ்எம்பிஎஸ் மாத்துங்க. வீட்டு இன்வெர்ட்டர்ல போட்டிருந்தா அதுல யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கும், அதத் தட்டி வைங்க.

அத விட முக்கியம், ரேம் கெட்டுக் கெடந்த சமயத்துல சேவ் பண்ண ஃபைல நம்பாதீங்க. தப்பான பிட் அப்படியே எஸ்எஸ்டிக்குப் போயிருக்கும், ஃபைல் நல்லாத்தான் தொறக்கும். பழைய காப்பி இருந்தா கமாண்ட் ப்ராம்ப்ட்ல எஃப்சி கமாண்ட பைனரி மோடுல போட்டு ஒப்பிடுங்க.

தறிக்காரன்:
அய்யோ, எங்க ஃபைல்ல குறுக்க ஒரு கட்டம்னா ஒரு ஹூக்கு (பாவு இழையத் தூக்கற கொக்கி), நெடுக்க ஒரு கட்டம்னா ஒரு ஊடை. ஒரு புள்ளி மாறினா ரிப்பீட்டுக்கு ரிப்பீட்டு அதே எடத்துல இழை தூக்கிக்கும். பார்ட்டிக்கு மெயில் பண்ண காப்பியோட ஒப்பிட்டேன், நான் கையே வைக்காத ரெண்டு டிசைன்ல வித்தியாசம் காட்டுது. ஒண்ணு இப்ப தறில ஓடிட்டு இருக்கு. இருங்கண்ணா, நிறுத்தச் சொல்லி ஃபோன் போட்டுட்டு வரேன்.