மாணவர்கள் தாமே இணையத்தில் எழுதுவதற்குத் தலைமையாசிரியர் இசையவில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

ஒன்பதாம்வகுப்பு_தமிழ்:
வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி. ஒரு பிள்ளை எழுதியதை இன்னொரு பிள்ளை படித்துத் திருத்தும்படி இணையத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. கல்வித் தொலைக்காட்சி, பாடநூல் க்யூஆர் குறியீடு, ஹைடெக் ஆய்வகத் தேர்வு எதற்கும் எங்கள் எச்.எம். தடை சொல்வதில்லை. ஆனால் வகுப்புக்கு வலைப்பதிவோ வாட்ஸ்அப் குழுவோ என்றதும், "ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?" என்கிறார். எப்படி அணுகுவது? எந்தத் தளம் பொருந்தும்?

கோப்பும்_குறிப்பும்:
டீச்சர், அவர் கேட்பது நியாயமான கேள்வி. க்யூஆர் குறியீட்டில் வருவது துறை பார்த்து ஒப்புதல் கொடுத்த பாடம். பிள்ளை எழுதுவது உங்கள் பள்ளியிலிருந்து கிளம்புவது. நாளை விளக்கம் கேட்டு மெமோ வந்தால் அவர் பெயருக்குத்தான் வரும். அவருக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு செயல்விளக்கம் காட்டப் போனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: எந்தத் தளம், எந்தப் பாடவேளை, வெளியாகும் முன் யார் படிப்பார், தவறு வந்தால் யார் எவ்வளவு நேரத்தில் நீக்குவார், எந்தத் தேதியோடு முடியும். மாணவர் பெயர், படம், பள்ளிப் பெயர் எதுவும் வராது என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். ஆண்டு முழுவதற்கும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரு பிரிவு, ஆறு வாரம் என்று கேட்டால் 'முடியாது' என்று சொல்வது கடினம். அந்தக் குறிப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்துவிட்டால், பொறுப்பு அவர் ஒருவர் தலையில் மட்டும் நிற்காது.

பெற்றோர் கையொப்பமும் வாங்கிவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும்.

மாலைமணி:
வாட்ஸ்அப் குழுவை விட்டுவிடுங்கள். உறுப்பினர் போடும் பதிவுக்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022இலும் சொல்லியிருக்கின்றன. ஆகவே சட்டத்தைவிடப் பெரிய சிக்கல் கைபேசி எண்தான். சாதாரணக் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் கையில் இருப்பது பெரும்பாலும் அம்மாவின் போன். அந்த எண் முப்பது வீடுகளுக்குப் போகும். 'அட்மின் மட்டுமே அனுப்பலாம்' என்று பூட்டினால் இரைச்சல் நிற்கும், கூடவே நீங்கள் விரும்பும் பங்கேற்பும் நின்றுவிடும். அது அறிவிப்புப் பலகைதான்.

யூடியூபிலும் இதே கதை. காணொளியைக் 'குழந்தைகளுக்கானது' என்று குறித்தால் கருத்துப் பெட்டியே மூடிக்கொள்ளும். எச்.எம்.முக்கு நிம்மதி, ஆனால் உங்கள் நோக்கத்துக்கு உதவாது.

மெய்ப்புத்தாள்:
உங்கள் நோக்கத்துக்குத் தமிழ் விக்கிமூலம் மிகப் பொருத்தம். அச்சு நூல்களைத் தன்னார்வலர்கள் எழுத்தாக்கி வைக்கும் இணைய நூலகம் அது. நாட்டுடைமையான நூல்களின் ஸ்கேன் ஒரு பக்கம், கணினி படித்தெடுத்த எழுத்து மறுபக்கம். பிள்ளை இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். சிவப்பு என்றால் இன்னும் மெய்ப்புப் பார்க்காத, அதாவது அச்சோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தாத பக்கம். ஒருவர் பார்த்து முடித்ததும் மஞ்சள். இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருளே விடாது. ஒருவர் திருத்த இன்னொருவர் சரிபார்ப்பது அதன் அமைப்பிலேயே இருக்கிறது. சொந்தக் கருத்து எழுதும் தேவையே இல்லாததால் எச்.எம். அஞ்சும் வம்புக்கும் வழி குறைவு. யாராவது கிறுக்கினாலும் பக்க வரலாற்றில் முந்தைய வடிவம் அப்படியே இருக்கும், மீட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் உண்டு. துணைக்காலும் 'ர'வும் மாறிக் கிடக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் துதிக்கை போல் வளைந்த பழைய 'லை', 'ணை' சிதைந்து வரும். வரி முடிவில் உடைந்த சொல்லைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, நூலாசிரியரின் பழைய எழுத்துவழக்கைப் 'பிழை' என்று திருத்திவிடுவார்கள். அச்சில் உள்ளபடியே இருக்கட்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாம்வகுப்பு_தமிழ்:
இது எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. முப்பது பேருக்கும் ஆய்வகத்திலேயே ஒரே பாடவேளையில் கணக்குத் தொடங்கிவிடலாமா?

மெய்ப்புத்தாள்:
முடியாது டீச்சர், பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது ஒரே இணைய இணைப்பின் அடையாள எண்ணிலிருந்து, 24 மணி நேரத்தில் ஆறு கணக்குகளே தொடங்கலாம். ஆய்வகக் கணினிகள் எல்லாம் ஒரே இணைப்பில் இருப்பதால் ஏழாவது பிள்ளைக்குப் பிழைச்செய்தி வரும். பன்னிரண்டு பேரோடு தொடங்கினால் இரண்டு நாளில் முடிந்துவிடும். மற்றவர்கள் வீட்டுப் போனில், பெற்றோர் முன்னிலையில் தொடங்கட்டும். மின்னஞ்சல் கட்டாயமில்லை, ஆனால் கொடுக்காவிட்டால் மறந்த கடவுச்சொல்லை மீட்க வழியில்லை. ஆகவே அவரவர் எழுதி உறையில் ஒட்டிக் கொடுக்க, நீங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். பயனர் பெயரில் இயற்பெயர், ஊர், பிறந்த ஆண்டு வேண்டாம்.

பக்க எண்களை முன்கூட்டியே பங்கிட்டுக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். இருவர் ஒரே பக்கத்தைத் திறந்தால் பின்னால் சேமிப்பவருக்குத் தொகுப்பு முரண் வரும், உழைத்தது வீணாகலாம். முதல் வாரம் ஆளுக்கு ஒரு பக்கம் போதும், அதுவும் அட்டவணையோ அடிக்குறிப்போ இல்லாத உரைநடைப் பக்கமாக. செய்யுள் நூல்களில் வரி அமைப்புக்குத் தனி நிரல்கள் உண்டு, இப்போது தொட வேண்டாம்.

கோப்பும்_குறிப்பும்:
எச்.எம்.மிடம் குறிப்போடு போகும்போது ஒரு சிவப்புப் பக்கத்தையும் ஒரு பச்சைப் பக்கத்தையும் அச்செடுத்து எடுத்துச் செல்லுங்கள் டீச்சர். பிள்ளைகள் செய்யப்போவது அந்த மாற்றம் என்பதைப் பார்த்தாலே விளங்கிக்கொள்வார்.