'பழிவாங்கினாள்' என்பதா, 'பழிதீர்த்தாள்' என்பதா?

கதைக்காரி கேட்டது:

ஒரு சிறுகதை முடித்திருக்கிறேன். அப்பாவை ஏமாற்றி வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி, சொத்தை எழுதிக்கொண்ட கூட்டாளி மீது, அப்பா போன பிறகு மகள் வழக்குப் போட்டு ஜெயிக்கிறாள். அடிதடி, கொலை எதுவும் கிடையாது. கடைசிப் பத்தியில் "அவள் அவனைப் பழிவாங்கிவிட்டாள்" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த தோழி, "இந்த ஒரு வரியில உன் கதாநாயகி வில்லி ஆயிட்டாடி" என்கிறாள். 'பழிதீர்த்தாள்' என்று மாற்றச் சொல்கிறாள். அகராதியில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான் போட்டிருக்கிறது. நிஜமாகவே வித்தியாசம் உண்டா? 'வஞ்சம் தீர்த்தாள்' என்றால் எப்படி?

பிழைதிருத்தி:

உங்கள் தோழிக்குக் காது நன்றாக இருக்கிறது. வித்தியாசம் உண்டு.

'பழிவாங்கு' என்ற சொல்லை யார் வாயிலிருந்து கேட்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். அடி வாங்கியவன்தான் சொல்வான். "புகார் கொடுத்தேன்னு என்னைப் பழிவாங்கறாங்க." அடித்தவன் ஒருநாளும் அப்படிச் சொல்ல மாட்டான். அவனைக் கேட்டால் "பாடம் கத்துக் கொடுத்தேன்" என்பான், "திருப்பிக் கொடுத்தேன்" என்பான், கொஞ்சம் படித்தவனாக இருந்தால் "பதிலடி" என்பான். "நான் உன்னைப் பழிவாங்காமல் விடமாட்டேன்" என்று நிமிர்ந்து நின்று சொல்வதெல்லாம் திரையில் வரும் ஆட்கள் மட்டும்தான். ஆக, கதைசொல்லியாகிய நீங்கள் "பழிவாங்கிவிட்டாள்" என்று எழுதிய கணத்திலேயே அந்தக் கூட்டாளியின் பக்கம் போய் நின்றுவிட்டீர்கள். தோழிக்கு உறுத்தியது அதுதான்.

இன்னொன்று. செய்தித்தாளில் 'பழிவாங்கும் நடவடிக்கை' என்று எங்கே வருகிறது? நிர்வாகம் தொழிற்சங்கத்துக்காரரை இடமாற்றம் செய்யும்போது. ஆளுங்கட்சி எதிர்க்கட்சி மேல் வழக்குப் போடும்போது. அதாவது மேலே இருப்பவன் கீழே இருப்பவனை, சட்டத்தையோ பதவியையோ சாக்காக வைத்து நசுக்குவது. இத்தனை வருடம் இப்படிப் படித்துப் படித்து, அந்தச் சொல்லில் அதிகாரத்தின் வாடை ஏறிவிட்டது. உங்கள் கதையில் மகள் கீழே இருந்து மேலே போராடுகிறாள், அதுவும் நீதிமன்றத்தில். வாசகர் மனதில் அந்த 'நடவடிக்கை' வந்து நின்றால் கதை கெட்டது.

இலக்கணத்தையும் பாருங்கள். 'பழிவாங்கு' ஓர் ஆளைக் கேட்கும்: *அவனை*ப் பழிவாங்கினாள். இங்கே வாங்குவது கடையில் வாங்குவது மாதிரி இல்லை. வேலை வாங்குவது, உயிரை வாங்குவது, மானத்தை வாங்குவது போல, ஒருவரிடமிருந்து பிடுங்குவது. 'பழிதீர்' அப்படிப் பிடுங்குவதில்லை. *அப்பாவுக்காக*ப் பழிதீர்த்தாள், *அப்பாவின் ஏமாற்றத்துக்கு*ப் பழிதீர்த்தாள். எதிராளி வாக்கியத்தில் இல்லாமலே வாக்கியம் நிற்கும். பார்வை எதிராளி மேல் இல்லை, பட்ட துன்பத்தின் மேல் இருக்கிறது. கிரிக்கெட் செய்தியில்கூட "கடந்த ஆண்டுத் தோல்விக்குப் பழிதீர்த்தது" என்றுதான் தலைப்புப் போடுவார்கள். "எதிரணியைப் பழிவாங்கியது" என்று போட்டால் நடுவரை விலைக்கு வாங்கிவிட்டார்களோ என்று தோன்றும்!

(வீட்டுப் பேச்சில் விளையாட்டாகச் சொல்வது தனி. "விடியறதுக்குள்ள எழுப்பி என்னைப் பழிவாங்கறியே" என்பதில் பழியும் இல்லை, பகையும் இல்லை. அங்கேயும் சொல்வது அகப்பட்டுக்கொண்டவர்தான் என்பதைப் பாருங்கள்.)

'வஞ்சம் தீர்த்தாள்' வேண்டவே வேண்டாம். வஞ்சம் என்றால் முதலில் வஞ்சகம், கபடம். சிரித்துக்கொண்டே உள்ளே வைத்திருந்து, சமயம் பார்த்துக் குத்தியவளாக ஆகிவிடுவாள்.

அகராதிப்பித்தன்:

பிழைதிருத்தி ஐயா சொன்னது இன்றைய வழக்குக்குச் சரி. ஆனால் 'பழி' என்பதற்கு அடிப்படைப் பொருள் நிந்தை, அவப்பெயர்தானே? புறநானூறு 182-இல் "பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்" என்று வருகிறது. உலகத்தையே சேர்த்துக் கொடுத்தாலும் பழியை ஏற்க மாட்டார்கள் என்கிறார் புலவர். 'பழி போடு', 'பழி சுமத்து', 'வீண்பழி' எல்லாம் இன்றும் அந்தப் பொருளில்தான் ஓடுகின்றன. அப்படிப் பார்த்தால் 'பழிதீர்த்தாள்' என்பதை, தன் மேல் விழுந்த அவப்பெயரைத் துடைத்தாள் என்றும் ஒருவர் படிக்கலாம். குழப்பம் வராதா?

என் யோசனை: 'வஞ்சினம் முடித்தாள்'. சிலப்பதிகாரத்தில் 'வஞ்சின மாலை' என்று ஒரு பகுதியே இருக்கிறது. கண்ணகியின் கம்பீரம் இந்த மகளுக்கும் கொஞ்சம் வந்து சேருமே.

பிழைதிருத்தி:

குழப்பம் வந்தால் நல்லதுதான் ஐயா. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்ட ஏமாளி என்று அப்பாவுக்கு ஒரு பெயர் இருந்திருக்குமே, அதையும் சேர்த்துத் துடைத்தாள் என்று வாசகர் படித்தால் கதைக்கு லாபம்.

வஞ்சினத்தை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வஞ்சினம் என்பது சூளுரை; இன்னது செய்யாவிட்டால் எனக்கு இன்னது ஆகட்டும் என்று முன்கூட்டிச் சொல்வது. புறநானூறு 72-இல் தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், பகைவரை வெல்லாவிட்டால் குடிமக்கள் என்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். கண்ணகியும் "நான் பத்தினியானால்" என்று சொல்லிவிட்டுத்தான் மதுரையை எரிக்கிறாள். இந்த மகள் முன்னால் எங்காவது அப்படிச் சபதம் போட்டாளா? போடவில்லை என்றால் கடைசி வரியில் வஞ்சினம் எங்கிருந்து முளைக்கும்?

இரவுவாசகன்:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. 'கருவிக்கொண்டே இருந்தான்' என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதுவும் பழிவாங்குவதுதானா?

பிழைதிருத்தி:

'கறுவி', வல்லின று. உள்ளுக்குள் பொருமிக்கொண்டு காத்திருப்பது, அவ்வளவுதான். இன்னும் கை ஓங்கவில்லை. வன்மம், காழ்ப்பு எல்லாம் அந்த வகையறா. சினத்துக்கும் கறுப்புக்கும் பழைய உறவு. "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. ஒருவன் காலமெல்லாம் கறுவிக்கொண்டே இருந்து ஒன்றும் செய்யாமலே செத்தும் போகலாம். அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

கதைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மகள் எங்கும் சபதம் போடவில்லை. வாய்தா வாய்தாவாக அலைகிறாள், அவ்வளவுதான். அதனால் வஞ்சினம் இல்லை. "அப்பாவுக்காகப் பழிதீர்த்தாள்" என்று மாற்றிவிட்டேன். 'பழிவாங்கினாள்' என்பதை அந்தக் கூட்டாளியின் வாயிலேயே வைத்துவிட்டேன். நீதிமன்ற வாசலில் வக்கீலிடம், "பொண்ணு என்னைப் பழிவாங்கிட்டா சார்" என்கிறான்.

அப்புறம், கதைக்குத் தலைப்பு 'பழிதீர்ப்பு' என்று வைக்கலாமா?

அகராதிப்பித்தன்:

தாராளமாக வைக்கலாம். வழக்கின் தீர்ப்பும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

பிழைதிருத்தி:

அதனால்தான் வேண்டாம் என்கிறேன். முடிவைத் தலைப்பிலேயே உடைத்துவிட்டால் அப்புறம் வாய்தாக்களை யார் பொறுமையாகப் படிப்பார்கள்? 'வெற்றுத்தாள்' என்று வையுங்கள்.