புதுப்பிப்பு: நழுவி இறங்கிய பருத்தி சாக்ஸ், இப்போது காலில் நிற்கிறது

அப்பாவுக்குக் கையால் பின்னிய சாக்ஸ், கொஞ்சம் நடந்ததும் ஷூவுக்குள் இறங்கிவிடுகிறது என்று கேட்டிருந்தேன். மதுரை வெயிலுக்குக் கம்பளி நூல் ஒத்துவராது, அதனால் பருத்தி நூல்தான். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, கண்ணிகளை (ஊசியில் போடும் நூல் வளையங்களை) குறைக்கச் சொன்ன யோசனை. கம்பளி இழுத்து விட்டால் தானாகப் பழைய அளவுக்குச் சுருங்கும். பருத்திக்கு அந்த இழுவை கிடையாது. அதனால் கால் அளவைவிடப் பத்து சதவீதம் சிறிதாகப் பின்ன வேண்டும். அப்பாவின் கணுக்கால் சுற்றளவு 22 செ.மீ., என் பின்னலில் செ.மீ.க்கு 3 கண்ணி. 66 வரவேண்டிய இடத்தில் 60 கண்ணி போட்டேன். மேல்பட்டியை ஒரு நிட் (நேர்க்கண்ணி), ஒரு பர்ல் (மறுபக்கக் கண்ணி) என்று மாற்றி மாற்றி, பாதத்துக்கு எடுத்த ஊசியைவிட ஒரு அளவு சிறிய ஊசியில் பின்னினேன். தொடக்கக் கண்ணிகள் மட்டும் தளர்வாக இருக்கட்டும், இல்லாவிட்டால் குதிகாலைத் தாண்டி ஏறாது.

எலாஸ்டிக் நூல் கோக்கச் சொன்ன யோசனையையும் விடவில்லை; நூலை விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் வாங்கிவந்து பழைய ஜோடியில் கோத்துப் பார்த்தேன். சாக்ஸ் நின்றது, ஆனால் சாயங்காலம் காலில் தடம் விழுந்தது. வயதானவர்களுக்கு அது வேண்டாம் என்பேன்.

எதிர்பாராத ஒன்று: புது ஜோடி நாள் முழுக்கப் போட்டால் கொஞ்சம் தளர்கிறது, துவைத்ததும் பழையபடி இறுகிவிடுகிறது. அப்புறம், ஈரத்தோடு கொடியில் தொங்கவிடாதீர்கள். தண்ணீர்க் கனத்தில் நீண்டுவிடும். துண்டின் மேல் பரப்பிக் காயவையுங்கள்.