ஆபீஸ் – குடோன் ஸ்விட்ச் லிங்க்கில் சிஆர்சி எரர், அவசரம்

நூல்முடிச்சு: இரண்டு ஸ்விட்சுக்கு நடுவில் உள்ள லிங்க்கில் சிஆர்சி எரர் (டேட்டா சிதைந்து வந்து சேர்வது) ஏறிக்கொண்டே இருக்கிறது. பிங் ஒழுங்காகப் போகிறது, ஆனால் பெரிய ஃபைல் எதையாவது காப்பி செய்தால் தவழ்கிறது. பேட்ச் கார்டு, போர்ட் எல்லாம் மாற்றிவிட்டேன். மாலைக்குள் சரியாக வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

வைகைக்கரை: காப்பரா, ஃபைபரா? எத்தனை மீட்டர்? வேகம் 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறதா, 1000-இலா? எந்தப் பக்கம் எரர்? கவுண்டரை அழித்துவிட்டுப் பார்த்தீர்களா, இல்லை போன வருஷத்துக் கணக்கும் சேர்ந்து கிடக்கிறதா?

ஈரோடு வயர்மேன்: கேபிள்தான், சந்தேகமே வேண்டாம். கேட்6 என்று அச்சடித்துச் செம்பு பூசிய அலுமினியத்தைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். மோட்டார் லைனோடு ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள்.

நூல்முடிச்சு: காப்பர், 70 மீட்டர் இருக்கும். 100-இல் நிற்கிறது. எரர் குடோன் பக்கம். கவுண்டரை அழித்துப் பத்து நிமிடத்தில் 400 தாண்டிவிட்டது. ஆபீஸ் பக்கம் லேட் கொலிஷன் (அனுப்பத் தொடங்கித் தாமதமாகப் பதிவாகும் மோதல்) மட்டும்தான், அதனால் எழுதவில்லை.

பழைய ரவுட்டர்: அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அடிப்படை தெரியாமல் ஸ்விட்சைத் தொட்டால் இப்படித்தான். குடோனில் 100 ஃபுல் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும்) என்று ஃபிக்ஸ் செய்திருப்பார்கள், ஆபீஸ் ஆட்டோவில் (எதிர்ப்பக்கத்தோடு பேசித் தானே முடிவு செய்வது) இருக்கும். எதிர்ப்பக்கம் பேச்சுவார்த்தைக்கே வராததால் ஆட்டோ பக்கம் வேகத்தை மட்டும் கண்டுபிடித்து ஹாஃபில் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்) இறங்கிவிடும். தான் அனுப்பும் நேரத்தில் எதிரே ஏதாவது வந்தால் மோதல் என்று நினைத்துப் பாதியில் நிறுத்தும். அந்த அரைகுறை ஃபிரேம் (டேட்டா பொட்டலம்) தான் குடோனில் சிஆர்சி ஆகிறது. இரண்டு பக்கமும் 100 ஃபுல் போடுங்கள்.

வைகைக்கரை: காரணம் சரி, மருந்து தப்பு. ஃபிக்ஸ் செய்யும் பழக்கம் 1995-இல் ஆட்டோ வந்த புதிதில் கம்பெனிக்குக் கம்பெனி ஒத்துப்போகாத காலத்தது. 1999-இல் வந்த காப்பர் கிகாபிட் தரத்தில் ஆட்டோ கட்டாயம். இரண்டையும் ஆட்டோவில் விடுங்கள்.

பழைய ரவுட்டர்: நான் ஃபிக்ஸ் செய்த லிங்க் ஒன்றுகூடப் பத்து வருஷமாக விழுந்ததில்லை.

வைகைக்கரை: நீங்கள் இருக்கும்வரை விழாது சார். அப்புறம் வருகிறவர் ஒரு பக்க ஸ்விட்சை மட்டும் மாற்றுவார், புதியது ஆட்டோவில் இருக்கும், இதே எரர் வரும். இவருக்கும் அப்படித்தான் நடந்திருக்கும்.

நூல்முடிச்சு: குடோனில் 100 ஃபுல்தான் இருந்தது. இரண்டையும் ஆட்டோ ஆக்கினேன், இப்போது லிங்க்கே ஏறவில்லை!!

ஈரோடு வயர்மேன்: கேபிள் என்று அப்போதே சொன்னேன். 100-க்கு இரண்டு ஜோடி கம்பி போதும், 1000-க்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பிரவுனிலோ ஒன்று விட்டிருக்கும். முன்னால் இருந்தவர் அதைத் தேடாமல் 100-இல் ஃபிக்ஸ் செய்துவிட்டுப் போயிருக்கிறார். கனெக்டரில் 4, 5, 7, 8 பின்களைப் பாருங்கள்.

பழைய ரவுட்டர்: அதுவரை வேலை நிற்க வேண்டாம், இரண்டிலும் 100 ஃபுல் போட்டுக்கொள்ளுங்கள்.

நூல்முடிச்சு: குடோன் முனையில் பிரவுன் பிடிக்கவே இல்லை. புது கனெக்டர் போட்டாயிற்று. 1000 ஃபுல், ஒரு மணி நேரமாக எரர் 0. எல்லோருக்கும் நன்றி.