புதுப்பிப்பு: ஸ்டாண்டர்டு எம்எல்-இல் தமிழ் எழுத்தை எட்டிப்பார்த்துப் படிப்பது

மொரிஷியஸ் ரோஸ் ஹில்லில் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக, சொற்பட்டியலை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் நிரலை ஸ்டாண்டர்டு எம்எல் என்ற நிரல்மொழியில் எழுதுவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். கொய்யா என்பது கொ, ய், யா என்று பிரிய வேண்டும். அந்த மொழியில் கோப்பைப் படிக்கும் தொகுப்பான டெக்ஸ்ட்ஐஓ-வில், அடுத்த கேரக்டரை எடுக்காமலேயே எட்டிப்பார்க்கும் லுக்அஹெட் போதும் என்றார் ஒரு நண்பர். ஆங்கிலத்துக்குச் சரி. ஆனால் எம்எல்-இல் கேரக்டர் என்பது நடைமுறையில் ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) கோப்பில் க, கொம்பு, புள்ளி என்று தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224. க-வுக்குப் பின் எட்டிப்பார்த்தால் அந்த 224 மட்டும்தான் தெரியும். வருவது கொம்பா, புள்ளியா, அடுத்த எழுத்தா, தெரியாது.

வழி கிடைத்துவிட்டது, அதுவும் அழகான வழி. டெக்ஸ்ட்ஐஓ-வின் கெட்இன்ஸ்ட்ரீம் கொண்டு அடியில் இருக்கும் ஸ்ட்ரீமை, அதாவது இனிப் படிக்க வேண்டிய பைட்டுகளின் வரிசையை, எடுங்கள். ஸ்ட்ரீம்ஐஓ என்ற உள்தொகுப்பின் இன்புட்என், அடுத்த 3 பைட்டையும் மீதி ஸ்ட்ரீமையும் சேர்த்தே தரும். பழைய ஸ்ட்ரீம் அப்படியே இருக்கும். வந்தது துணைக்குறியோ புள்ளியோ என்றால் ஒட்டிக்கொண்டு புதியதில் தொடரலாம். இல்லையா, பழையதிலிருந்தே அடுத்த எழுத்து. எதையும் திருப்பிப் போட வேண்டாம்! க்ஷ-வுக்கும் இதே உத்திதான், இன்னும் கொஞ்சம் தள்ளி எட்டிப்பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கோப்பு முடிந்தால் வெற்றுச் சரம் வரும். அப்புறம் வேலை முடிந்ததும் செட்இன்ஸ்ட்ரீம் போட்டு, கடைசியாக நின்ற ஸ்ட்ரீமை டெக்ஸ்ட்ஐஓ-விடம் ஒப்படைக்க மறக்காதீர்கள்.