கார் ஓடாமல் நின்றால் பற்றரி இறங்கிவிடுகிறது: உதவி தேவை

இரவுத்தபால் (வெள்ளி, இரவு 7.15)
வணக்கம். எனக்கு வேலை கொழும்பில். வீடு திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். கார் வீட்டிலேயே நிற்கிறது. விடுமுறைக்கு இரவு ரயிலில் வந்து இறங்கிக் காலையில் காரை எடுக்கப் போனால், ஒவ்வொரு தடவையும் பற்றரி இறங்கிக் கிடக்கிறது. அயலவர் தமது வாகனத்திலிருந்து வயர் கொடுத்தால்தான் அது உயிர் பெறுகிறது. இத்தனைக்கும் சென்ற வருடம்தான் புதிய பற்றரி போட்டேன். ஞாயிறு இரவு நான் திரும்பிவிடுவேன். அதற்கு முன் என்ன செய்துவிட்டுப் போனால் அடுத்த முறை இந்தத் தொல்லை இராது என்பதைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

தம்பலகாமத்தான் (7.32)
தம்பி, இதற்குப் பெரிய வைத்தியம் எதுவும் தேவையில்லை. வீட்டில் இருப்பவர்களிடம் திறப்பைக் கொடுத்து, நாள்தோறும் காலையில் பத்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். என்னுடைய பழைய சன்னி கார் முற்றத்தில் நின்றபடியே பல வருடங்களைக் கடத்தியது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

உட்துறைமுகம் (7.50)
என்ன கார், எந்த ஆண்டுத் தயாரிப்பு, ஒரேயடியாக எத்தனை கிழமை நிற்கிறது, வெயிலில் நிற்கிறதா கொட்டிலுக்குள் நிற்கிறதா, வாங்கிய பிறகு ஏதாவது கருவி பூட்டினீர்களா என்பவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் சொல்லவில்லை. பற்றரி இறங்கிவிட்டது என்கிறீர்கள். அப்போது உள்விளக்கும் எரிவதில்லையா, அல்லது விளக்கு எரிந்தும் ஸ்ராட்டர் மட்டும் சுற்றாமல் இருக்கிறதா? இவை தெரியாமல் சொல்லப்படும் எந்த மருந்தும் குருட்டு மருந்துதான்.

ஓர்ஸ்ஹில்வாசி (8.20)
இதே கேள்வி 2022இலும் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை தொடங்கி, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் என்று வரையறுத்தபோது, எத்தனையோ கார்கள் வாசலில் நின்றே பற்றரியை இழந்தன. அப்போது நான் விரிவாக எழுதியதைத் தேடிப் படிக்கும் பொறுமை இங்கே எவருக்கும் இருப்பதில்லை. ஆகையால் மறுபடியும் எழுதுகிறேன்.

ஓய்வில் இருக்கும் 12 வோல்ற்றுப் பற்றரி முழுமையாக ஏறியிருந்தால் 12.6 அல்லது 12.7 காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். ஓடி வந்து நிறுத்தியவுடன் அளந்தால் பொய்யான உயர்ந்த எண் வரும். சில மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். பாதிக்குக் கீழே இறங்கிய நிலையில் பற்றரியை நாட்கணக்கில் விட்டுவைத்தால், தகடுகளில் படியும் ஈயச் சல்பேற்று இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஒவ்வொரு தடவையும் இறங்கவிட்டு வயர் கொடுத்து எழுப்புகிறவர், ஒவ்வொரு தடவையும் அதன் ஆயுளில் ஒரு பகுதியை வெட்டியெறிகிறார்.

தம்பலகாமத்தாருக்கு ஒரு வார்த்தை. ஸ்ராட் செய்யும்போது 100 அல்லது 200 அம்பியர் போனாலும் அது ஓரிரு செக்கன்களுக்குத்தான். அந்த இழப்பைச் சில நிமிட ஓட்டம் ஈடுசெய்துவிடும். கிழமைக்கணக்கில் கசிந்துபோனதை, இயந்திரம் மெதுவாகச் சுற்றும் அந்தப் பத்து நிமிடம் ஈடுசெய்யாது. பெற்றோல்தான் வீணாகும், இயந்திர எண்ணெயிலும் புகைக்குழாயிலும் ஈரம் தங்கும்.

சல்லிக் கடற்கரை (8.41)
உப்புவெளி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உப்புக் காற்றுதான், தம்பி. எங்கள் வீட்டு வாகனத்தில் பற்றரி முனைகளைச் சுற்றி வெண்பச்சை நிறத்தில் தூள் பூத்திருந்தது. பற்றரியில் குறையே இல்லை, முனைக்கும் கவ்விக்கும் இடையில் இருந்த அழுக்குத்தான் மின்னோட்டத்தைத் தடுத்தது. வெந்நீரில் அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றித் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, கவ்வியை இறுக்கிய பின் மேலே வாசலின் களிம்பு பூசிவிடுங்கள். கழுவும் நீர் பற்றரியின் மூடித் துளைகளுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது 10 இலக்க ஸ்பனரால் மறை (−) முனைக் கவ்வியை மட்டும் கழற்றி ஒதுக்கி வைத்தால், காரில் எந்த மின் கசிவு இருந்தாலும் கவலையில்லை.

கிண்ணியா கராஜ் (9.05)
அக்கா சொன்னதுபோல் கவ்வியைக் கழற்றுவது நல்ல வழிதான். ஆனால் கசிவு எங்கே என்று தெரியாமல் கழற்றிக்கொண்டே இருந்தால் நோய் அப்படியே இருக்கும். மல்ரிமீற்றரை 10 அம்பியர் நிலையில் வைத்து, மறை முனைக்கும் கழற்றிய கவ்விக்கும் இடையில் தொடராக இணையுங்கள். கதவுகளை மூடி, திறப்பைத் தூரமாக வைத்துவிட்டுக் குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். உள்ளேயுள்ள கணினிகள் உறங்கிய பிறகு வரும் எண்தான் உண்மையான எண். மீற்றர் இணைப்பில் இருக்கும்போது எவரும் காரை ஸ்ராட் செய்யக் கூடாது. செய்தால் மீற்றரின் பியூஸ் போய்விடும்.

20 முதல் 50 மில்லி அம்பியர் வரை வந்தால் குற்றமில்லை. அதற்கு மேல் வந்தால், பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கள்ளன் இருக்கிறான். எதற்கும் பற்றரியின் மூடிகளைத் திறந்து நீர்மட்டத்தையும் பாருங்கள். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரையே விடுங்கள். நமது பக்கத்துக் கிணற்று நீரை ஒருபோதும் விடாதீர்கள்.

கச்சான்காற்று (9.18)
நமது ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? சிறிய சூரியத் தகடு ஒன்றை முன்கண்ணாடியின் உட்புறம் வைத்து, சிகரெட் லைட்டர் துளையில் செருகிவிடுங்கள். 5 வாற்றுத் தகடே போதும். நீங்கள் கொழும்பில் இருக்கும்போது சூரியன் உங்கள் பற்றரியைப் பார்த்துக்கொள்ளும்.

உட்துறைமுகம் (9.26)
பெரும்பாலான ஜப்பான் கார்களில் திறப்பை அணைத்ததும் அந்தத் துளைக்கு மின் வராது. அதன் வழியாகப் பற்றரிக்கும் எதுவும் போகாது. தகட்டைப் பற்றரியுடன் நேரே இணைக்க வேண்டும், 10 வாற்றுக்கு மேற்பட்டதென்றால் நடுவில் ஒரு கட்டுப்படுத்தியும் வேண்டும். கார் கொட்டிலுக்குள் நின்றால் இந்த யோசனையே செல்லாது. இன்னமும் அவர் காரின் பெயரைச் சொல்லவில்லை.

இரவுத்தபால் (சனி, காலை 6.50)
மன்னிக்கவும், சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. 2013 ரொயோற்றா அக்குவா. கூரைக் கொட்டிலுக்குள் நிற்கிறது. சில வேளைகளில் இரண்டு கிழமை, சில வேளைகளில் ஒரு மாதம். அம்மாவுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. மறை முனையைக் கழற்றலாம் என்று காலையிலேயே பொனற்றைத் திறந்தேன். அங்கே பற்றரியைக் காணவில்லை. சென்ற வருடம் கடைக்காரர்தான் மாற்றினார், நான் அருகில் இருக்கவில்லை. அதே நாட்களில் ஒரு டாஷ் கமெராவும் பூட்டினேன். வாகனம் நின்றாலும் பதிவு செய்யும் வகை.

கிண்ணியா கராஜ் (7.10)
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நேற்று இரவு நாங்கள் எழுதியதில் பாதி தேவைப்பட்டிருக்காது.

உங்களுடையது ஹைபிரிட், அதாவது பெற்றோல் இயந்திரமும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் கார். அதில் தனியான ஸ்ராட்டர் மோட்டார் கிடையாது. இயந்திரத்தைச் சுற்ற வைப்பது உயரழுத்தப் பற்றரியில் இயங்கும் மோட்டார். 12 வோல்ற்றுப் பற்றரி கணினிகளை எழுப்பி, உயரழுத்தப் பற்றரியை இணைப்பதற்கு மட்டுமே. வேலை சிறியது என்பதால் பற்றரியும் சிறியது. அது பின் இருக்கையின் கீழே இருக்கிறது. பயணிகள் இருக்கும் இடத்தில் இருப்பதால் வாயு வெளியேற ஒரு குழாயுள்ள மூடிய வகையையே அங்கே போட வேண்டும். அதில் நீர் விடும் பேச்சுக்கே இடமில்லை. சென்ற வருடம் கடைக்காரர் அந்த வகையைத்தான் போட்டாரா, குழாயை மீண்டும் செருகினாரா என்பதை இருக்கையைத் தூக்கி முதலில் பாருங்கள். செம்மஞ்சள் உறையுள்ள வயர்கள் எவற்றையும் தொடாதீர்கள், அவை உயரழுத்தம்.

இப்போது கமெராவுக்கு வருவோம். நின்றபோதும் பதிவு செய்யும் கமெரா 250 மில்லி அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 6 அம்பியர் மணி. உங்கள் பற்றரி 35 அம்பியர் மணி என்றால், ஆறு நாட்களில் வெறுமையாகிவிடும். கமெரா இல்லாமல் 30 மில்லி அம்பியர் மட்டும் போனால் நாளொன்றுக்கு முக்கால் அம்பியர் மணிக்கும் குறைவு. இரண்டு கிழமைக்குப் பின்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். ஒரு மாதம் நின்றால் அதுவும் ஐயம்தான். எனவே கமெராவின் நிலையான மின்னிணைப்பை இன்றே கழற்றுங்கள், ஒரு மாத விடுப்பென்றால் மறை முனையையும் கழற்றுங்கள்.

உட்துறைமுகம் (7.25)
கராஜ் நானா சொன்னதுடன் இன்னொன்று. அது திறப்பைப் பையில் வைத்தபடியே திறக்கும் வகையென்றால், மேலதிகத் திறப்பை வீட்டில் எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? காரிலிருந்து 2 மீற்றருக்குள் இருந்தால் காரும் திறப்பும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். இரண்டின் பற்றரியும் வீணாகும். உள் அறைக்கு மாற்றுங்கள். மறை முனையைக் கழற்றிய பிறகு அந்தத் திறப்பு வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்; திறப்பின் உடலுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவித்தான் சாரதிக் கதவைப் பூட்டவும் திறக்கவும் வேண்டும். திறப்பைக் காருக்குள் விட்டுவிட்டு முனையைக் கழற்றாதீர்கள்.

ஓர்ஸ்ஹில்வாசி (8.02)
ஹைபிரிட் என்பது சொல்லத் தேவையற்ற விவரம் என்று ஒருவர் நினைப்பது எனக்கு வியப்பளிக்கிறது. போகட்டும். வீட்டில் மின் வசதி இருக்கும்போது இந்தக் கழற்றல், பூட்டல் எல்லாம் எதற்கு? தானாகவே அளவறிந்து குறைத்துக்கொள்ளும் சார்ஜர் ஒன்றை வாங்கி இணைத்துவிட்டுப் போங்கள். பற்றரி நிரம்பியதும் அது 13.2 முதல் 13.6 வோல்ற்று வரையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். மூடிய வகைப் பற்றரிக்கென்று தனி நிலை உள்ள சார்ஜராகப் பாருங்கள், 5 அம்பியருக்கு மேற்படாததே இந்தச் சிறிய பற்றரிக்கு ஏற்றது. கராஜ்களில் கிடக்கும் பழைய பெரிய சார்ஜரை மாட்டிவிட்டு ரயில் ஏறினால், திரும்பி வரும்போது வீங்கிய பற்றரியைத்தான் காண்பீர்கள்.

தம்பலகாமத்தான் (8.30)
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பற்றரியை முழுவதுமாகக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போகலாமே. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள், தரை மின்னை உறிஞ்சிவிடும். பலகை ஒன்றின் மேல் வையுங்கள்.

ஓர்ஸ்ஹில்வாசி (8.44)
சீமெந்து மின்னை உறிஞ்சும் என்பது தாத்தா காலத்துக் கதை. அந்தக் காலத்தில் பற்றரியின் பெட்டி மரத்தாலும் கடின இறப்பராலும் செய்யப்பட்டது. ஈரம் ஊடுருவிக் கசிவு உண்டாக வழி இருந்தது. இப்போது பெட்டி பிளாஸ்ரிக்கால் ஆனது. தரை அதை எதுவும் செய்யாது.

தம்பலகாமத்தான் (8.58)
என் கண்ணால் கண்டதைக் கதை என்கிறீர்களா? உழவு இயந்திரத்தின் பற்றரியை அறுவடை முடிந்து சீமெந்துத் தரையில் வைத்தேன். அடுத்த போகத்துக்கு எடுத்தபோது அதில் ஒன்றுமே இல்லை.

கிண்ணியா கராஜ் (9.15)
அண்ணன், அதைப் பலகையில் வைத்திருந்தாலும் இறங்கித்தான் இருக்கும். எதனோடும் இணைக்காவிட்டாலும் ஈய அமிலப் பற்றரி தனக்குள்ளேயே மெல்ல மெல்ல இறங்கும். வெப்பம் 10 பாகை கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழே வைத்த பற்றரியையும், குளிர்ந்த சீமெந்துத் தரையில் வைத்த பற்றரியையும் ஒப்பிட்டால், தரையில் இருந்ததுதான் அதிக நாள் தாங்கும். பலகை போடுவதால் நட்டமில்லை; அமிலம் சிந்தினால் தரை கெடாது. அவ்வளவுதான் அதன் பயன்.

சல்லிக் கடற்கரை (9.22)
தரையை விட்டுவிட்டுத் தம்பியின் காருக்கு வாருங்கள். அவருடைய தாயார் ஓட்டத் தெரியாதவர். ஆனால் பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்த அவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம் அல்லவா?

உட்துறைமுகம் (9.40)
அக்கா கேட்டது நல்ல கேள்வி. தம்பலகாமத்தார் சொன்ன முறை இந்தக் காரில் வேறு விதமாகப் பலிக்கும். கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரியும் நிலையில் விட்டால், இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், உயரழுத்தப் பற்றரியிலிருந்து 12 வோல்ற்றுப் பற்றரிக்கு மின் போய்க்கொண்டே இருக்கும். கிழமைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் அப்படி நின்றால் கணிசமாக ஏறும். ரெடி விளக்கு எரியாமல் பொத்தானை மட்டும் அழுத்தி வைத்தால் நேர்மாறாக, இருப்பதும் இறங்கிவிடும். பெரிய பற்றரி குறையும்போது இயந்திரம் சொல்லாமல் தானாகவே இயங்கத் தொடங்கும் என்பதால், கொட்டிலின் கதவு திறந்திருக்க வேண்டும். புகை வீட்டுக்குள் வந்தால் ஆபத்து. ஓட்டத் தெரியாத ஒருவரை அந்த நிலையில் காருக்குள் தனியே இருத்த எனக்கு விருப்பமில்லை. ஓட்டத் தெரிந்த உறவினர் ஒருவர் நிலாவெளி வரை ஓட்டிச் சென்று திரும்பினால், பற்றரியுடன் ரயர்களுக்கும் பிரேக்குகளுக்கும் அது நல்லது.

இரவுத்தபால் (ஞாயிறு, மாலை 5.35)
அனைவருக்கும் நன்றி. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நகரத்தில் ஒரு கராஜில் அளந்து பார்த்தார்கள். கமெரா இணைப்பில் இருந்தபோது 310 மில்லி அம்பியர், கழற்றிய பிறகு 28. குழாய் செருகப்படாமல் கிடந்தது, செருகிவிட்டார்கள். மேலதிகத் திறப்பு கொட்டிலின் சுவரில்தான் தொங்கியது, மாற்றிவிட்டேன். மறை முனையைக் கழற்றிவிட்டுப் புறப்படுகிறேன்.

கிண்ணியா கராஜ் (5.50)
மகிழ்ச்சி, தம்பி. ஆனால் இத்தனை தடவை அடிவரை இறங்கிய பற்றரி முனையைக் கழற்றியதால் மட்டும் பழைய பலத்துக்கு வந்துவிடாது. கழற்றுவதற்கு முன் அதை முழுமையாக மின்னேற்றினீர்களா? சில மணி நேரம் கழித்து எத்தனை வோல்ற்று காட்டியது?

ஓர்ஸ்ஹில்வாசி (திங்கள், காலை 6.30)
அதைத்தான் நானும் கேட்க வந்தேன். 12.4க்குக் கீழே என்றால் அடுத்த விடுமுறைக்கு வரும்போதும் அயலவரின் வயர் தேவைப்படும்.

கிண்ணியா கராஜ் (வியாழன், இரவு 8.10)
தம்பி, எண்ணைச் சொல்லவில்லையே?